கரண்டியின் சாதகம்

கனநாளாக எழுதவேணும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விசயம் இது. வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். அதற்குப் பிறகு எழுத எங்கே மனம் வரும்? இன்றைக்குத் திங்கள்கிழமை, ரெஸ்ரோரண்ட் பூட்டு. தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு இருந்து எழுதுகிறேன்.

என் அறைக்கு வருகிற சிநேகிதர்மார் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “உதென்னடாப்பா, உந்தச் சின்னச் சின்னக் கரண்டியெல்லாம்?”

ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் துணி விரித்து பதினேழு சாமான் வைத்திருக்கிறேன். எல்லாம் இங்கிலாந்தில் செய்த பழைய வெள்ளிச் சாமான், சாப்பாட்டு மேசையில் வைக்கிறவை. உப்புக் கரண்டிகள், கடுகுக் கரண்டி, சீனிக்கட்டி எடுக்கிற இடுக்கி, தேயிலை அள்ளுகிற கரண்டி ஒன்று. பெரிய தட்டம், கேத்தல் வாங்க என்னிடம் காசும் இல்லை, வாங்கினாலும் வைக்க இடமும் இல்லை. சின்னச் சாமான் என்றால் இரண்டு மூன்று கிழமை சிகரெட்டை விட்டால் ஒன்று வாங்கலாம்.

போன மாசம் ஒரு நண்பன் வந்தவன், ரின்னைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான், “உலகத்தையே கொள்ளையடிச்ச வெள்ளைக்காரன்ர எச்சில் கரண்டியைப் பொறுக்கி வைச்சிருக்கிறியே, உனக்கு வெக்கமில்லையோ?” பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அவனுக்கு அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இது.

*

ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை. வில்லாவுட் ஸ்ரேசனிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேல். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், வீட்டை விற்றுவிட்டுப் போகப்போகிறார். பழைய சட்டி பானை, புத்தகம், மண்வெட்டி எல்லாம் பரப்பியிருந்தார். நான் தேடினது ஒரு நல்ல கத்தி. குசினியில் வேலை செய்கிறவனுக்குக் கத்தியிலேயே கண் போகும். கத்தி கிடைக்கவில்லை. முள்ளுக்கரண்டி எல்லாம் கிடந்த பெட்டியின் அடியில் கறுத்துப்போன குட்டிக் கரண்டி ஒன்று கிடந்தது. பிடி கட்டை. அள்ளுகிற பக்கம் சிப்பி மாதிரி. கோயிலில் திருநீறு அள்ளுகிற கரண்டி மாதிரி இருக்குதே என்று எடுத்துப் பார்த்தேன். “அம்மாவின் பழைய தேயிலைச் சாமான். ஐந்து டொலர் தா,” என்றார். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்தேன். எங்கள் அம்மா குத்துவிளக்குத் தட்டத்தையும் வெள்ளிச் செம்பையும் அப்படித்தான் தேய்ப்பா. கறுப்புப் போகப் போகப் பிடியின் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் குத்துகள் தெரிந்தன. ஐந்து அடையாளங்கள். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் வைக்கிற கண்ணாடி ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தேன்.

ஒரு நடக்கிற சிங்கம். ஒரு நங்கூரம். ‘எச்’ என்ற சின்ன எழுத்து. ஒரு மனிதத் தலை. ‘ஐ.டி.’ என்று இரண்டு எழுத்து.

ஐ.டி. என்றதும் எனக்குக் கொம்பியூட்டர் வேலைதான் ஞாபகம் வந்தது. இரண்டு இரவு இன்ரர்நெற்றில் தேடியபிறகுதான் விளங்கியது. அந்தக் கரண்டி தன்னுடைய சாதகத்தைத் தன் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறது.

சிங்கம் என்றால், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று சோதித்துப் பார்த்தாயிற்று. நங்கூரம் என்றால் சோதித்த ஊர் பேர்மிங்ஹாம். ‘எச்’ என்றால் 1805ஆம் ஆண்டு. தலை மூன்றாம் ஜோர்ஜ் மன்னருடையது. அரசாங்கத்துக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கு ரசீது. ‘ஐ.டி.’ என்பது செய்தவரின் குறி: ஜோசப் ரெய்லர், பேர்மிங்ஹாம் வெள்ளி வேலைக்காரர். அந்தக் காலத்தில் ‘ஜே’ எழுத்தை ‘ஐ’ மாதிரியே வெட்டுவார்கள். அதனால் ஜோசப்பும் ‘ஐ’ ஆகிவிட்டார்.

ஐந்து டொலருக்கு வாங்கின சாமான், இருநூறு வருசத்துக்கு மேல் கழிந்தும், தான் யார், எங்கே, எப்போது என்று தானே சொல்லுகிறது. எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை. அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1300இல் முதலாம் எட்வேர்ட் மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வெள்ளிச் சாமானின் தரம் நாணயத்தின் தரத்துக்குக் குறையக்கூடாது, சோதித்துச் சிறுத்தைத் தலை குத்தவேணும் என்று. 1363இல் செய்தவரின் குறியும் வேணும் என்றார்கள். 1478இல் சோதனை எல்லாம் லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் ஹோல் என்ற ஒரே மண்டபத்துக்குள் வந்தது. ‘ஹோல்’ என்ற அந்த மண்டபத்தில் குத்துகிற அடையாளம் என்பதால்தான் ஹோல்மார்க். அந்த வருசம்தான் ஆண்டு எழுத்தும் தொடங்கியது. வருசத்துக்கு ஒரு எழுத்து. எழுத்து முடிந்தால் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து. ஒரு சாமான் தரம் குறைவு என்று பிறகு பிடிபட்டால், அந்த வருசம் சோதித்த ஆள் யார் என்று தேடிப் பிடிக்கலாம். 1544இல் சிங்கம் சேர்ந்தது.

சோதனை என்றால் சும்மா பார்வை இல்லை. சாமானிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து உருக்கிப் பார்ப்பார்கள். தரம் குறைந்தால் நசுக்கித் திருப்பி அனுப்புவார்கள்.

பேர்மிங்ஹாமுக்கு 1773இல்தான் சொந்தச் சோதனைச்சாலை கிடைத்தது. அதுவரைக்கும் அந்த ஊர்க்காரர் தங்கள் சாமானைக் குதிரை வண்டியில் செஸ்டர் நகரத்துக்கு அனுப்பி எடுக்கவேணும். வழியில் நெளியும், களவு போகும். மத்தியூ போல்ட்டன் என்ற தொழிலதிபர்தான் பாராளுமன்றம் வரை போய் வாதாடி, பேர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சேர்த்து அந்த உரிமையை எடுத்தவர். கடலே இல்லாத பேர்மிங்ஹாமுக்கு ஏன் நங்கூரம்? லண்டனில் ‘கிரவுண் அன்ட் அங்கர்’ என்ற தவறணையில் கூடிக் கதைத்தார்களாம்; கிரீடத்தை ஷெஃபீல்டும் நங்கூரத்தைப் பேர்மிங்ஹாமும் எடுத்துக்கொண்டார்களாம். கதை அப்படி.

மன்னரின் தலை 1784இல் வந்து 1890 வரை இருந்தது. அவுன்சுக்கு 6 பென்ஸ் என்று தொடங்கிய வரி, என் கரண்டி பிறந்த காலத்தில் 1 ஷில்லிங் 3 பென்சாக ஏறியிருந்தது.

எங்கள் ஊரிலும் பொன் வெள்ளிக்குக் குறைவில்லை. பாலாடை, வெற்றிலைத் தட்டம், சுண்ணாம்புக் கரண்டகம், சந்தனக் கும்பா என்று வசதியான வீடுகளில் இருக்கும். ஆனால் எங்கள் வெள்ளிக்கு முதுகில் எழுத்து இல்லை. எங்களுக்கு உரைகல் இருந்தது, அதைவிட முக்கியமாக “எங்கட பத்தர்” இருந்தார். அம்மம்மாவின் தாலிக்கொடியைச் செய்தவரின் மகன் அம்மாவின் கொடியையும் செய்வார். நம்பிக்கை ஆளிலே இருந்தது. ஆள் இருக்கிற வரைக்கும், ஊர் இருக்கிற வரைக்கும் அது போதும். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, யாருடைய நகையை யார் செய்தது என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. கொடிகாமத்தில் அரிசிக்கு விற்ற காப்பு, விற்றதோடு ஊமையாகிவிட்டது.

இந்தச் சாமான் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிட்னியில் பழைய சாமான் கடைகளில் கிடக்கிறதில் பத்தில் ஒன்பது வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். 1840இல் எல்கிங்ரன் என்ற பேர்மிங்ஹாம் கொம்பனி மின்சாரத்தால் முலாம் பூசுகிற முறைக்கு உரிமம் எடுத்தபிறகு முலாம் சாமான் மலிந்துவிட்டது. அதிலும் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்துக் குத்தி ஹோல்மார்க் மாதிரியே வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று இருக்கும். நடக்கிற சிங்கம் இல்லையென்றால் இங்கிலாந்து வெள்ளி என்று நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். நான் இரண்டு முறை ஏமாந்தவன்.

*

சின்னச் சாமானில் எனக்குப் பிடித்த விசயம், ஒவ்வொன்றும் ஒரேயொரு வேலைக்குச் செய்தது. குசினியில் பதின்மூன்று வருசமாக நிற்கிறவனுக்கு அது உடனே விளங்கும். உப்புக் கரண்டியின் கிண்ணப் பக்கத்துக்கு மட்டும் தங்க முலாம் பூசியிருப்பார்கள். உப்பு வெள்ளியை அரிக்கும், கறுப்புப் புள்ளி விழுத்தும். கடுகுச் சாடிக்குள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் வைப்பதும் அதே காரணத்துக்காக. சீனி அப்போது பெரிய கூம்புக் கட்டியாக வரும். அதை உடைத்துத் துண்டாக்கி மேசைக்கு வைப்பார்கள். துண்டை எடுக்கத்தான் இடுக்கி. சாதிக்காயைச் சட்டைப் பைக்குள் கொண்டுதிரிந்து பானத்தில் துருவிப் போடக் குட்டித் துருவி ஒன்று உண்டு. ஏலத்தில் ஒன்றைப் பார்த்து, விலையைக் கேட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

இப்போது இந்தப் பட்டியலை இன்னொருமுறை பாருங்கள். தேயிலை, சீனி, சாதிக்காய். இதில் ஒன்றும் அப்போது இங்கிலாந்தில் விளையவில்லை. சாதிக்காய் பண்டா தீவுகளில் இருந்து வந்தது. அதற்காக 1621இல் டச்சுக்காரர் அந்தத் தீவுச் சனத்தைக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கினார்கள். சீனி கரீபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. அடிமை முறையை 1834இல் நிறுத்தியபிறகு கரும்பு வெட்ட எங்கள் சனத்தை ஏற்றினார்கள், மொரீசியசுக்கு, நேற்றாலுக்கு, ஃபிஜிக்கு. என்னோடு வேலை செய்கிற ஃபிஜிக்கார அண்ணர் ஒருவரின் பூட்டன் மதராசில் கப்பலேறியவர். 1903க்குப் பிறகுதான் மதராசில் இருந்து ஃபிஜிக்கு ஆள் ஏற்றினார்கள். அண்ணருக்குத் தமிழ் வராது, ஆனால் கறிவேப்பிலையைக் கறிவேப்பிலை என்றுதான் சொல்லுவார். வெள்ளியும் அப்படித்தான். பொலிவியாவின் பொத்தோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டதிலிருந்து அந்த ஊர்ப் பழங்குடிகளைப் பிடித்துச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள்.

சிங்கம், நங்கூரம், எழுத்து, தலை, செய்தவன் பெயர். உள்ளே அள்ளப்படுகிற சாமானை விளைவித்தவனுக்கு ஒரு குத்தும் இல்லை.

*

கரண்டி என்ன என்று தெரிந்தபிறகு அந்தக் கிழவரிடம் திரும்பிப் போனேன். ஐந்து டொலருக்குத் தெரியாமல் விற்றுவிட்டார், நான் பேசாமல் இருந்தால் அது களவுதானே. கையில் கொஞ்சம் ரோல்ஸும் கொண்டு போனேன். விசயத்தைச் சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதை சொன்னார். ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவராம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 10 பவுண், பிள்ளைகளுக்குச் சும்மா. வந்து இறங்கி முதல் இருந்த இடம் வில்லாவுட் ஹொஸ்ரல், அரைவட்டத் தகரக் கொட்டில். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தப் பகுதி வெடிமருந்துத் தொழிற்சாலை நிலம். லைட்டன்ஃபீல்ட் ரயில் ஸ்ரேசனே அதற்காக வந்ததுதான். 1949இல் அதிலே குடியேறிகளுக்கு ஹொஸ்ரல் போட்டார்கள். ‘ஈசிபீட்ஸ்’ என்ற பாட்டுக் குழுவின் பெடியன்கள் 1964இல் சந்தித்துக்கொண்டதும் அந்த ஹொஸ்ரலில்தான். அதே நிலத்தில் 1976இல் தடுப்பு முகாம் வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

“நானும் அந்த இடத்திலைதான் இருந்தனான், ஆனா வேலிக்கு உள்ளுக்கு,” என்றேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. “எங்கட காலத்தில வேலி இருக்கேல்ல,” என்றார்.

கரண்டி எப்படி வந்தது என்று கேட்டேன். அவருடைய அம்மம்மா முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தி ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருந்தவராம். “அவர்கள் கொடுத்தார்களோ, அம்மம்மா எடுத்தாளோ, அம்மா சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை,” என்று சிரித்தார். திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். “நான் அறுபது வருசம் வைச்சிருந்தும் வாசிக்கேல்ல. நீ வாசிச்சிட்டாய்.” ரோல்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த மாசம் மகளோடு குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார்.

கொடுத்தார்களோ, எடுத்தாளோ... இந்த நாட்டின் வெள்ளைக்காரச் சரித்திரமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங்குக்குக் குறையாத சாமானைத் திருடினால் தூக்கு. வேலைக்காரப் பெட்டையொருத்தி எடுக்கக்கூடியது என்ன? மேசைக் கரண்டிதான். மடியில் மறையும், அடகுக் கடையில் உடனே காசாகும். இரக்கப்பட்ட ஜூரிமார் பெறுமதியை வேணுமென்றே 39 ஷில்லிங் என்று குறைத்துத் தீர்ப்புச் சொல்லுவார்கள். உயிர் தப்பும். ஆனால் நாடு போகும். 1788 தொடக்கம் 1868 வரை ஏறக்குறைய 1,62,000 கைதிகளை இந்தக் கண்டத்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். ஹோல்மார்க்கைக் கள்ளமாகக் குத்தினாலும் அதே கதிதான். 1758இல் அதற்குத் தூக்கு என்று இருந்ததை 1773இல் 14 வருச நாடுகடத்தலாக மாற்றினார்கள்.

இங்கே வந்தும் கரண்டி விடவில்லை. அலெக்சாண்டர் டிக் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1824இல் சிட்னிக்கு வந்தார். கைதியாக இல்லை, சுதந்திரமாக வந்த வெள்ளி வேலைக்காரர். நல்ல தொழில். 1829இல், குடியேற்றச் செயலாளர் அலெக்சாண்டர் மெக்லேயின் வீட்டில் களவுபோன பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிகளைக் களவுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினார் என்று வழக்கு. ஏழு வருசம் நோர்ஃபோக் தீவு. 1833இல் மன்னிப்புக் கிடைத்துத் திரும்பி வந்து மறுபடி தொழில் செய்தார். இப்போது அவர் செய்த கரண்டிகள் ஏலத்தில் என்னைப் போன்றவர்கள் கிட்டவும் போகமுடியாத விலை. அந்தக் காலச் சிட்னியில் சோதனைச்சாலை இல்லை. அதனால் இங்கத்தைய வேலைக்காரர் இங்கிலாந்துக் குறிகளைப் போலவே தாங்களாகக் குறிகளைக் குத்தினார்கள். எந்தச் சோதனையும் செய்யாத குறிகள். கையில் கடுதாசி இல்லாத ஊருக்கு வந்தவன் தன் கடுதாசியைத் தானே எழுதினான். அதை இன்றைக்கு மியூசியம் போற்றுகிறது. இதே வேலையை எங்கள் ஆட்கள் செய்தால் பெயர் வேறு.

*

இனித் தேயிலைக்கு வருகிறேன். என் கரண்டிக்கு ஆங்கிலத்தில் ‘கேடி ஸ்பூன்’ என்று பெயர். படத்தில் வருகிற கேடி இல்லை! தேயிலை வைக்கிற பெட்டிக்குக் ‘கேடி’ என்று பெயர். மலாய் மொழியில் ‘காட்டி’ என்கிற நிறுவை அளவிலிருந்து வந்தது. அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, திறப்பு வீட்டுக்காரியின் இடுப்பில். அவ்வளவு விலை. 1784இல் இங்கிலாந்து அரசாங்கம் தேயிலை வரியை 119 வீதத்திலிருந்து 12½ வீதத்துக்கு இறக்கியது. தேத்தண்ணி குடிப்பவர் தொகை கூடியது. கேடி ஸ்பூனின் பொற்காலம் அதற்குப் பிறகுதான். சிப்பி வடிவம், இலை வடிவம், கழுகின் செட்டை, குதிரை ஓட்டுகிறவனின் தொப்பி வடிவம்கூட உண்டு. சிப்பி ஏனென்றால், சீனத்திலிருந்து வந்த தேயிலைப் பெட்டிக்குள் அள்ளுவதற்கென்று உண்மையான சிப்பி ஒன்றை வைத்து அனுப்புவார்களாம். அதைப் பார்த்துத்தான் வெள்ளியில் செய்தார்கள்.

அப்போதெல்லாம் சீனத் தேயிலை. பிறகு அசாம். இலங்கையில் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கொந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். (என் கரண்டியைச் செய்தவரும் ரெய்லர், இவரும் ரெய்லர். சொந்தம் இல்லை.) 1869இல் கோப்பிச் செடிக்கு இலை நோய் வந்து, அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பித் தோட்டமெல்லாம் தேயிலைத் தோட்டமாகியது. வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த சனம். கோப்பிக் காலத்திலேயே மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை.

அவர்களுடைய கூலி குறைவாக இருந்தபடியால் லண்டனில் தேயிலை மலிந்தது. மலிந்தபடியால் பெட்டிக்குப் பூட்டுத் தேவையில்லாமல் போனது. பூட்டுப் போனபின் வெள்ளிக் கரண்டிக்கு என்ன மரியாதை? பக்கெற் வந்தது, பிறகு பை வந்தது. கிழவரின் தாய் வாழ்நாளில் ஒருநாளும் அந்தக் கரண்டியைப் பாவித்ததில்லையாம். இந்தக் கரண்டியை வேலையை விட்டு நிற்பாட்டியது மலையகத்துப் பெண்களின் கைவிரல்.

அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். நீ இலங்கையில் பிறந்தது போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்று காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு. லயத்தில் பிறந்தவனுக்குப் பூட்டனின் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? ஏழு இலட்சம் அளவில் சனம் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் இருந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு கதைப்போம் என்று விட்டார்கள். கடைசிக் கணக்குத் தீர 2003 வரை போனது.

இதில் எங்கள் பங்கையும் சொல்லவேணும். யாழ்ப்பாணத்தார் நாங்கள் சிங்கள அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிவிடுகிறோம். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்; ஆனால் அதே வருசம் அதே அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் தேத்தண்ணி ஆறிப்போகவில்லை. ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல்லை நானே சின்ன வயதில் சொல்லித் திரிந்தவன்.

கணக்கைப் பாருங்கள். 1805இல் பேர்மிங்ஹாமில் செய்த தேயிலைக் கரண்டிக்குப் பிறந்த ஊர் தெரியும், வருசம் தெரியும், தகப்பன் பெயர் தெரியும். 1905இல் தலவாக்கலையில் பிறந்த தேயிலை பறிக்கிறவளுக்கு இதில் ஒன்றையும் காட்டமுடியவில்லை.

*

நித்திரை வராத காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவன். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டினதோடு படிப்பும் நின்றது. பிறகு நடந்தது எல்லாருக்கும் நடந்ததுதான். 2010இல் இந்த நாட்டுக் கரைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது பிறப்புச் சான்றிதழின் ஒரு போட்டோக்கொப்பி. மூலப்பிரதி 1995 இடப்பெயர்வில் போனது. கொப்பியில் பிறந்த திகதி ஒன்று, பள்ளிக்கூடப் பதிவில் இன்னொன்று. பதினொரு நாள் வித்தியாசம். அப்பு என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாயால் சொன்ன திகதி அது. எங்கள் பக்கத்தில் இது பெரிய விசயமில்லை. ஆனால் ஒரு அறையில், ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவருக்கு அது பெரிய விசயம். “நீ இரண்டு முறை பிறந்தாயா?” என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். அந்தப் பதினொரு நாளுக்கு நான் மூன்று முறை விளக்கம் சொன்னேன். நான்தான் நான் என்று சொல்ல என்னிடம் என்னைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதனால்தான் அந்தக் கரண்டியின் முதுகைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல். இரண்டு விரல் நீளச் சாமானுக்கு இவ்வளவு கடுதாசியா என்று.

எரிச்சல் பிறகு போய்விட்டது. அந்தக் குத்துகள் ஏமாற்றப்படாமல் இருக்க வாங்குகிறவனுக்குக் கொடுத்த வாக்கு. எழுநூறு வருசமாக ஒரு சமூகம் ஒரு விசயத்தில் இவ்வளவு கவனமாக இருந்தால் அதை மதிக்கத்தான் வேணும். அதே கவனத்தை மனிசருக்கும் காட்டியிருக்கலாம், அவ்வளவுதான் என் முறைப்பாடு. கரண்டியோடு எனக்குக் கோபமில்லை.

என் நண்பனுக்குப் பதில் இதுதான். நான் வெள்ளைக்காரனின் பெருமையைச் சேர்க்கவில்லை மச்சான். சரித்திரம் படிக்க இரண்டு வருசம்தான் கிடைத்தது. மிச்சத்தை இதில் வாசிக்கிறேன். இதில் எழுதியிருப்பது அவர்களுடைய கணக்கு, எழுதாமல் விட்டது எங்களுடையது. இரண்டையும் சேர்த்து வாசிக்க ஆள் வேணும்.

இன்னுமொன்று. மற்றப் பதினாறையும் துணிக்குள் வைத்திருக்கிறேன். கேடி ஸ்பூனை மட்டும் வைக்கவில்லை. ஃபிளெமிங்ரன் தமிழ்க் கடையில் நுவரெலியாத் தேயிலை வாங்கி, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, அதால்தான் அள்ளுகிறேன். கேத்தலுக்கு ஒன்றரைக் கரண்டி. இன்றைக்கும் அப்படித்தான் போட்டேன். எழுதி முடிய ஆறிவிட்டது. இனித் திரும்பச் சுடவைக்கவேணும்.